பதினான்கு புளியங்கொட்டைகள்

ஆகஸ்ட் 3, வியாழன்

என் பெயர் ஆறுச்சாமி. வயது அறுபத்தெட்டு. தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாராபுரத்தில் வீடு. இவ்வளவையும் நானே எழுதினேன். இருபது நிமிடம் ஆனது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன். எழுதியது அப்படியே இருந்தது. ஓடிப் போகவில்லை.

கற்றுக் கொடுத்தது என் மனைவி தவமணி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தை மாதம் தொடங்கினோம். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நாற்பத்தொரு வருடம் அவளிடம் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னதும் சிரித்தாள்.

"கல்யாணமாகி மூணாம் நாளே தெரியுமுங்க. பேப்பர்ல ஒரு பக்கத்தையே அரை மணி நேரம் பாத்துட்டு இருந்தீங்க. அதுல எண்ணெய் விளம்பரம் மட்டுந்தான் இருந்துச்சு."

படிக்காதவன் அந்த வேலையில் எப்படிச் சேர்ந்தேன், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஸ்டேஷனில் என் ரிப்போர்ட்டை எல்லாம் கூட வேலை பார்த்த ஜெயசீலன் எழுதுவான். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். அது ஒரு கோலம் மாதிரி. பார்த்துப் பழகியது.

எழுத்துகள் முடிந்ததும் முதலில் எந்தப் பெயரை எழுதலாம் என்று தவமணி கேட்டாள். துளசிமணி என்றேன்.

"ஆருங்க அது?"

பழைய வேலையில் கேட்ட பெயர் என்றேன். அன்றிலிருந்து காப்பி கொண்டு வரும்போதெல்லாம், "துளசிமணி போட்டா இன்னும் நல்லா இருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வைக்கிறாள்.

ஆகஸ்ட் 5, சனி

ஜெயசீலன் போன் செய்தான். "டேய் ஆறு, வேலைக்கு வர்றியா? வீட்டுல உக்காந்தே பாக்கற வேலைடா."

குடோன்களில் கேமரா வைத்திருக்கிறார்களாம். அதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டுமாம். தீயணைப்பில் ஓய்வு பெற்றவர்கள் என்றால் உடனே எடுத்துக்கொள்கிறார்கள். புகையையும் தூசியையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் நாங்கள்தானே. காலை பதினொன்று முதல் மூன்று வரை. ஜெயசீலன் ஆறு மாதமாகப் பார்க்கிறான். வேட்டியோடு உட்கார்ந்து பார்ப்பானாம்.

"படிக்கணுமாடா?" என்றேன்.

"இப்பத்தான் நீ வாத்தியார் ஆயிட்டியே."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருடமாக என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

கூரியரில் டேப் வந்தது. பெரிய போன் மாதிரி இருக்கிறது. கம்பெனி ஆபீசிலிருந்து திலீபன் என்ற பையன் போனில் சொல்லிக் கொடுத்தான். சென்னைப் பேச்சு. மரியாதையான பையன்.

திரையில் ஆறு கட்டங்கள். ஆறும் ஒரே குடோனின் ஆறு கேமராக்கள். கீழே மூன்று பட்டன். பச்சையில் சாதாரணம். மஞ்சளில் புகை. சிவப்பில் தீ. கால் மணிக்கு ஒரு முறை ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தீ' ஒரே எழுத்து. இத்தனை வருடம் அதோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒரே எழுத்துதான் என்று தெரியாமல் போயிற்று.

"இது எந்த ஊர் குடோனுங்க தம்பி?"

"அது சொல்ல மாட்டாங்க சார். கஸ்டமர் ரகசியம். உங்க ஸ்கிரீன்ல யூனிட் நாலுன்னு இருக்கும், அவ்ளோதான். நீங்க பட்டன் அழுத்துங்க, மத்தத நாங்க பாத்துக்குவோம். ஒண்ணு மட்டும் சார். தப்பு அலாரம் மூணு தடவை ஆச்சுன்னா ஐடி கட் ஆயிடும்."

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. சாதாரணம் என்ற சொல்லைப் பதினாறு முறை படித்தேன். பதினாறு முறையும் சரியாகப் படித்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

யூனிட் நாலு பனியன் வேஸ்ட் குடோன். துணி வெட்டியதில் விழும் துண்டுகளை மூட்டையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளைக் குவியல் கூரை உயரம். முன்பக்கம் இரும்பு ஷட்டர். அதைத் தவிர வேறு கதவு என் கண்ணில் படவில்லை. பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் கேமரா கிடையாது.

உள்ளே போகும் ஆளை எண்ணிக்கொள்வது எங்கள் பழக்கம். ஒரு கட்டடத்துக்குள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள், அதுதான் முதல் வேலை. தண்ணீர் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. தவமணியிடம் புளியங்கொட்டை வாங்கி இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்குப் பெண்கள் டீ குடித்துவிட்டு உள்ளே போகும்போது ஒரு ஆளுக்கு ஒரு கொட்டையை எடுத்து வலது கிண்ணத்தில் போடுவேன். ஒரு மணிக்குச் சாப்பிட வெளியே வரும்போது இடது கிண்ணத்துக்கு மாற்றுவேன். பதினான்கு பெண்கள்.

"பல்லாங்குழி ஆடறீங்களா, வேலை பாக்கறீங்களா?" என்றாள் தவமணி.

மூன்றாவது கேமராவில் சுவிட்ச் பெட்டி தெரிகிறது. அதற்கு மேலே சுவரில் உள்ளங்கை அளவு கறுப்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

முதல் தப்பு செய்தேன். பதினொன்றரைக்கு ஷட்டர் பக்கம் புகை. மஞ்சளை அழுத்திவிட்டேன். அங்கே சைரன் அடித்திருக்கிறது. பெண்கள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். புகைக்குப் பின்னால் சூப்பர்வைசர் கையில் தட்டோடு வந்தான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி.

திலீபன் சிரித்தான். "பரவால்ல சார், எல்லாருக்கும் முதல் தடவை சாமிதான்." ஆனாலும் ஒன்று எழுதிக்கொண்டான்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஓடி வந்தவர்களை எண்ணினேன். பதினான்கு.

ஆகஸ்ட் 12, சனி

ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட வெளியே வந்தார்கள். சூப்பர்வைசர் ஷட்டரை இழுத்து விட்டுப் பூட்டினான். திருட்டுப் பயமாக இருக்கலாம். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் போய்விட்டான். பெண்கள் எதிர்த் தகரக் கொட்டகையில் தூக்குப் போசியைத் திறந்து உட்கார்ந்தார்கள்.

வலது கிண்ணத்தில் ஒரு கொட்டை மிச்சம்.

தப்பாக எண்ணியிருப்பேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தப்பாக எண்ணவில்லை. இன்றும் ஒன்று மிச்சம். கை ஈரமாகிவிட்டது, டேப் வழுக்குகிறது. தவமணியைக் கூப்பிட்டேன். இரண்டு மணிக்கு ஷட்டர் திறந்து எல்லாரும் உள்ளே போனபோது அவளும் எண்ணினாள். பதின்மூன்று பேர்தான் உள்ளே போனார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் குவியலைச் சுற்றிப் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் காலைச் சாச்சுச் சாச்சு நடக்கறாளே, நீலச் சேலை, அவ வெளிய வரவே இல்லீங்க," என்றாள் தவமணி. "பின்னால ரூமுல படுத்துக்கறா போல. ஆரும் கண்டுக்கறதில்ல."

தினமும் ஒரு மணி நேரம், பஞ்சு மாதிரி எரியக்கூடிய துணிக் குவியலுக்குப் பின்னால், பூட்டிய ஷட்டருக்குள், ஒருத்தி தனியாக. சுவரில் அந்தக் கறுப்பு இரண்டு உள்ளங்கை அளவாகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து வந்து மறுபடி திரையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. குடோன் இருட்டாக இருக்கிறது. பதினொன்று முதல் மூன்று வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

திலீபனிடம் சொன்னேன். குறிப்பு எழுதும் கட்டத்திலும் எழுதினேன். உள்ளே ஒரு ஆள் இருக்கும்போது பூட்டுகிறார்கள், சுவிட்ச் பெட்டி கருகுகிறது என்று எழுதி அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது.

"சார், நான் பாஸ் பண்ணிட்டேன் சார். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலை புகை பாக்கறது. ஆளு எண்ணறது இல்ல."

"தம்பி, ஆளு இல்லாட்டி புகையை எதுக்குங்க பாக்கறது?"

"ஓனர் நம்பர் உங்களுக்குத் தரக்கூடாது சார்," என்றான். அவனும் பாவம். குரலில் பயம் தெரிந்தது. வேலை போகும் பயம். எனக்கு அது பழக்கமான பயம். முப்பத்தொரு வருடம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்தேன்.

ஒன்று ஐந்துக்குப் புகை என்ற பட்டனை அழுத்தினேன். புகை இல்லை. அவளை வெளியே எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து சூப்பர்வைசரும் முதலாளி மாதிரி ஒருவரும் வண்டியில் வந்து ஷட்டரைத் தூக்கினார்கள். நீலச் சேலைக்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். சூப்பர்வைசர் கையை ஆட்டி ஆட்டித் திட்டினான். சத்தம் கேட்காது. அவள் தலையைக் குனிந்தே நின்றாள். பிறகு காலைச் சாய்த்து நடந்து வெயிலில் போய் உட்கார்ந்தாள். கொட்டகை நிழலில் இடம் இல்லை.

திலீபன் சிரிக்கவில்லை. "ரெண்டு ஆச்சு சார்," என்றான்.

"இனி அவ வெளிய வந்துருவாளல்ல," என்று தவமணியிடம் கேட்டேன்.

"திட்டு வாங்குனவ வெளிய வரமாட்டாளுங்க. இன்னும் நல்லா ஒளிஞ்சுக்குவா," என்றாள் தவமணி.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். நானே படித்துக் கண்டுபிடித்தேன்.

ஆறாவது கேமரா வாசலைப் பார்க்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். இத்தனை நாள் எதிரில் லாரி நின்றது. இன்று காலையில் இல்லை. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு பெரிய மனுஷியின் படம். மேலே கண்ணீர் அஞ்சலி. அந்த இரண்டு சொல்லையும் படிக்க அஞ்சு நிமிடம். அடியில் பேரன் பேத்திகள் பெயர். அதற்கும் அடியில், கடைசி வரியில், ஊர்.

செங்காட்டுவலசு.

மூன்று தடவை சத்தமாகப் படித்தேன். தவமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "காங்கேயம் தாண்டிப் போகோணும். சின்ன ஊரு. அங்க பள்ளிக்கூடத்துல சமைக்கற அமைப்பாளர் சரசு எனக்குப் பழக்கம். மீட்டிங்குல பக்கத்துல உக்காருவா." அவளுடைய பழைய நோட்டில் தேடி நம்பரை எடுத்தாள். எல்லா ஊரிலும் இவளுக்கு ஒரு சரசு இருக்கிறாள்.

ஊர் பெயரை இந்த நோட்டின் அட்டையிலும் எழுதி வைத்தேன். இனி அது எனக்குத் தெரியும். இன்று பயம் கொஞ்சம் குறைவு.

ஆகஸ்ட் 19, சனி

ஒரு கொட்டை மிச்சம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

போஸ்டரை மாடு தின்றுகொண்டிருந்தது. பசைக்காக அடியிலிருந்து கிழித்துத் தின்றது. ஊர் பெயர் போய்விட்டது, பேரன் பேத்திகளில் பாதியும் போய்விட்டார்கள். மூன்று நாள் முந்தியிருக்காவிட்டால் எனக்கு அந்த ஊர் கடைசி வரை யூனிட் நாலுதான்.

சரசு நேற்றுப் போய்ப் பார்த்திருக்கிறாள். சூப்பர்வைசர் வீட்டு ஆள்களைத் தெரியுமாம். பக்குவமாகச் சொன்னாளாம். "பொம்பளைங்க சோம்பேறித்தனத்துக்கெல்லாம் நான் கதவைத் திறந்து வைக்க முடியுமா?" என்று கேட்டானாம்.

இன்றும் ஒரு கொட்டை மிச்சம். கறுப்பு கூரை வரை ஒரு கோடு போட்டுவிட்டது. ஒன்று முதல் இரண்டு வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. கால் இரண்டும் தானாக ஆடின. தவமணி பார்த்துவிட்டு டேப்பைத் திருப்பி வைத்தாள். திருப்பாதே என்று கத்திவிட்டேன். அவளிடம் நான் கத்தியதே கிடையாது.

"நெசமான நெருப்புக்குள்ள போனவரு. கண்ணாடிக்குள்ள இருக்கற குடோனைப் பாத்து ஏனுங்க இப்படி நடுங்கறீங்க?"

அவளிடம் சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முப்பத்தாறு வருடத்துக்கு முன் ஒரு நூல் மில்லில் தீ. பகல் ஷிப்ட். நான்தான் முதல் வண்டியில் இருந்தேன். பெண்கள் எல்லாம் வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். கேட் காவலாளி காளியப்பன் ஓடி வந்து வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்தார். உள்ளே போனவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெயசீலன் அன்று விடுப்பு. எனக்கு அது எறும்பு வரிசை. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் செய்வது போல விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். வரிகளை எண்ணினேன். முப்பத்திரண்டு. நின்ற பெண்களை எண்ணினேன். முப்பத்திரண்டு. எல்லாரும் வந்தாச்சு, ஆள் தேட வேண்டாம், தண்ணீர் அடிக்கலாம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி ஆள் பெயர் இல்லை என்று காளியப்பன் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. 'மறுபக்கம் பார்க்க' என்று எழுதியிருந்தது. மறுபக்கத்தில் இரண்டு பெயர். ஒரு பெண் டீ வாங்க வெளியே போயிருந்தவள். அவள் வாசலில் நின்றவர்களில் ஒருத்தி. அதனால்தான் கணக்கு எனக்குச் சரியாக வந்தது. இன்னொரு பெண் உள்ளே.

சாயங்காலம் அவளுடைய அம்மா வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பெயர் எனக்குக் காதில்தான் தெரியும். எப்படி எழுதுவார்கள் என்று தெரியாது. தை மாதம் வரை தெரியாது.

தவமணி டேப்பை என் பக்கமே திருப்பி வைத்தாள். பிறகு, "காப்பி குடுக்கறப்ப எல்லாம் கேலி பண்ணிட்டேனுங்களே," என்றாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

ஒரு மணிக்கு ஷட்டரைப் பூட்டினான். ஒரு கொட்டை மிச்சம். ஒன்று பன்னிரண்டுக்கு மூன்றாவது கேமராவில் சுவிட்ச் பெட்டிக்கு மேலே வெளுப்பாக ஏதோ அசைந்தது. தூசியாக இருக்கலாம். மின்விசிறி நின்றிருந்தது, தூசி ஏன் எழும்ப வேண்டும். எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மூன்றாவது தப்பு என்று ஒரு நினைப்பு வந்து விரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு பத்து எண்ணும் நேரம்.

இல்லை. பத்துக்கும் மேலே இருக்கும்.

சிவப்பை அழுத்தினேன். திலீபன் உடனே கூப்பிட்டான். "சார், ஓனருக்கு அடிக்கிறோம், எடுக்கல. சூப்பர்வைசரும் எடுக்கல. புரோசீஜர்படி அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் அடுத்தது—" நான் வைத்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்தேன். செங்காட்டுவலசு, பனியன் வேஸ்ட் குடோன், எதிர்ச் சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றேன். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். ஷட்டரைத் திறக்க வேண்டாம், திறந்தால் காற்று ஏறிக் குபுகுபுவென்று பிடித்துக்கொள்ளும், பின்பக்க அறைச் சுவரை இடிக்கச் சொல்லுங்கள் என்றேன். போனை எடுத்த பெண் பிள்ளை, "சார், நீங்க ஸ்பாட்ல இருக்கீங்களா?" என்று கேட்டது.

தவமணி அதற்குள் தன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. "சரசு, சோத்தை இறக்கி வெச்சுட்டு ஓடு. குடோனுக்குப் பின்னால. கடப்பாரை வேணும். ஆம்பளையாளு நாலு பேரைக் கூட்டிக்க. சுவத்தை ஒடைக்கச் சொல்லு. உள்ள ஆளு இருக்குது. ஷட்டர்ல ஆரையும் கை வெக்க விடாத. கேள்வி கேக்காத சரசு, ஓடு."

திரையில் புகை கூரையில் போய்ப் படுத்தது. பிறகு கம்பளி மாதிரி கீழே இறங்கியது. வாசல் கேமராவில் பெண்கள் ஓடி வந்து ஷட்டரைக் கையால் அடித்தார்கள். சத்தம் இல்லை. பதின்மூன்று பேர் சத்தமில்லாமல் ஒரு தகரத்தை அடித்தார்கள். அடிக்காதே, பின்னால் போ, பின்னால் போ என்று நான் டேப்பைப் பார்த்துக் கத்தினேன். என்னால் எழுந்து ஓட முடியாது. ஓடினாலும் அது நாற்பது கிலோமீட்டர். முப்பத்தொரு வருடத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது இன்றுதான்.

ஒன்று பத்தொன்பதுக்கு ஆறு கட்டமும் கறுப்பாகிவிட்டது. கரண்ட் போயிருக்கும்.

கிண்ணத்தில் அந்த ஒரு கொட்டை. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இப்போதும் கையில்தான் இருக்கிறது. எழுதும் கையில் இல்லை, மற்றக் கையில்.

சரசு போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

டேப்பில் ஐடி செல்லாது என்று வருகிறது. கம்பெனியைக் கேட்காமல் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்ததற்காக இருக்கும். படிக்க முடிகிறது.

காலையில் சரசு போன் செய்தாள். நீலச் சேலைக்காரியை நேற்றே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். மூச்சு இருந்ததாம். ஆம்புலன்சில் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் அவள் போன் எங்கேயோ விழுந்து, ராத்திரிதான் கிடைத்தது என்றாள்.

மூச்சு இருந்தது என்பது எங்கள் வேலையில் பாதி வார்த்தை. மீதிப் பாதி சிலருக்கு மூன்றாம் நாள் வரும்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பஸ் ஏறி செங்காட்டுவலசு போனோம். கண்ணாடிக்குள் கையகலமாகத் தெரிந்த இடம் நேரில் அவ்வளவு பெரியது. கூரை விழுந்துவிட்டது. நனைந்த துணி வாடை. போஸ்டரில் அந்தப் பெரிய மனுஷியின் முகம் மட்டும் மிச்சம் இருந்தது. மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பின்சுவரில் ஒரு ஓட்டை. ஒரு ஆள் குனிந்து நுழையலாம்.

டீக்கடைக்காரர், "ஆரோ போன் பண்ணி உள்ள ஆளு இருக்குதுன்னாங்களாம். நாங்க நம்பவே இல்லீங்க. பொம்பளைங்க எல்லாம் வெளியதான் நிக்கறாங்கன்னு பாத்துட்டு இருந்தோம். இந்தச் சரசக்கா தான் கடப்பாரையை எடுத்துக் கையில குடுத்துட்டுப் பிராணனை வாங்கிருச்சு," என்றார்.

நீலச் சேலைக்காரியின் பெயர் சிவகாமி. கால் வீங்கிக் கிடக்குமாம். வெளியே கட்டாந்தரையில் மடக்கி உட்கார முடியாது. உள்ளே வேஸ்ட் மூட்டை மேல் நீட்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் காரணம்.

சூப்பர்வைசர் போலீசிடம், உள்ளே ஆள் இருப்பது தனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். பெண்கள்தான் கணக்குத் தப்பாகச் சொன்னார்கள் என்றானாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கடைசிச் சொல் காதிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். தவமணியும் கூட வந்தாள். நிலைய அலுவலர் சின்ன வயது. நான் துறையில் இருந்தவன் என்றதும் எழுந்து நின்றார். முதலில் சிவகாமியைப் பற்றித்தான் கேட்டேன்.

"கண்ணு முழிச்சுட்டாங்க ஐயா. பேச்சு இன்னும் வரல. பொழச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொல்றாரு."

உட்கார்ந்துவிட்டேன். தவமணி என் கையைப் பிரித்து அந்தக் கொட்டையை எடுத்துத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள ஒரு ஆள் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும், யாருகிட்ட எப்ப சொன்னீங்க, எல்லாம் உங்க கைப்பட எழுதிக் குடுங்க ஐயா. அந்த ஆளு பொம்பளைங்க மேல போட்டுட்டுத் தப்பிக்கப் பாக்கறான்," என்று ஒரு நீளத் தாளும் பேனாவும் கொடுத்தார். மேஜை, நாற்காலி, சுவரில் ஆள் கணக்குப் பலகை, எல்லாம் எங்கள் பழைய ஸ்டேஷன் மாதிரியே இருந்தது. இப்படி ஒரு மேஜையில் ஜெயசீலன் உட்கார்ந்திருப்பான். நான் பின்னால் நிற்பேன்.

இன்று நான் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டாம் தேதி ஒரு கொட்டை மிச்சம் இருந்ததிலிருந்து எழுதினேன். பொய்யாக அழுத்தியதையும் எழுதினேன். கடைசி நாள் விரல் தயங்கியதையும் எழுதினேன். அலுவலர் நடுவில் வந்து டீ வைத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் நிறைந்தது. அடியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கையெழுத்துப் போடப் பேனாவை வைக்க முடியவில்லை.

காவலாளி காளியப்பன் நினைவுக்கு வந்தார். விசாரணையில் அவர், பதிவேட்டை ஆறுச்சாமி கையில் கொடுத்தேன் என்று சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. பதிவேடு தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. அவர் கணக்குத் தப்பாகச் சொன்னார் என்று முடித்துவிட்டார்கள். வேலை போயிற்று. ஊரில் அவரைக் கொலைகாரன் என்றார்கள். செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. மகன் இருக்கிறான் என்று கேள்வி. திங்கட்கிழமை தவமணியிடம் சொன்னபோதும், இந்த நோட்டில் எழுதியபோதும் இதை மட்டும் விட்டுவிட்டேன்.

எழுதினால் சான்றிதழ் வரை தோண்டுவார்கள். ஓய்வூதியம் போகலாம். அறுபத்தெட்டு வயதில் வழக்கு வரலாம். நெருப்புக்குள் போகும்போது இந்தப் பயம் இருந்ததில்லை. அங்கே முன்னால் குழாய் பிடித்து ஒருவன் இருப்பான்.

தவமணி தாளைப் பார்த்தாள். அதன் பின்புறம் வெறுமையாக இருப்பதையும் பார்த்தாள். காளியப்பனைப் பற்றி மெல்லச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல புள்ள."

"அந்தப் புள்ள பேரு நல்லா எழுதுவீங்க. அதுல ஆரம்பிங்க," என்றாள்.

பக்கத்தின் அடியில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே, எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதினேன்: மறுபக்கம் பார்க்க.

பிறகு தாளைத் திருப்பினேன்.